மலையில் மனைத் தரகு: நீலகிரியில் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவருக்கு

கோவையிலிருந்து ஒருவர் ஃபோன் செய்கிறார். கேத்தி பக்கம் 12 சென்ட் வேண்டும், பள்ளத்தாக்கு தெரிய வேண்டும், வாசல் வரை கார் போக வேண்டும் என்கிறார். சமவெளியில் இது ஒரு வாரத்து வேலை. நீலகிரியில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் தரகரின் வேலை தொடங்குகிறது. அந்த நிலத்தை விற்க முடியுமா, வாங்கினால் கட்ட முடியுமா, கட்டினால் மழைக்கு நிற்குமா, நின்றாலும் அந்த ஊரோடு ஒத்துப்போய் அங்கே குடியிருக்க முடியுமா என்ற நான்கையும் அவர்தான் விசாரிக்க வேண்டும். நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இங்கே நிலம் தனித்தனித் துண்டாகக் கிடப்பதில்லை. மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டு வழியாக இறங்குகிறது, ஒருவர் தோட்டத்து ஓரமாக இன்னொருவர் பாதை போகிறது. அதனால் ஊரைக் கேட்காமல் முடித்த கிரயம் பத்திரத்தில் முடிந்திருந்தாலும் நடைமுறையில் முடிவதில்லை.

தரகராக வர நினைப்பவருக்காக இதை எழுதுகிறோம். வாங்குபவரும் விற்பவரும் படித்தால் அவர்களுக்கும் பயன்படும்.

சந்தை எப்படி மாறியிருக்கிறது

விற்பவர்களில் பெரும்பாலோர் சிறு தேயிலை விவசாயிகள் அல்லது அவர்களுடைய வாரிசுகள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் தோட்டம். பச்சைத் தேயிலை விலை பல வருடங்களாகப் பறிகூலிக்கும் உரத்துக்கும் இழுபறியாக இருப்பதால், பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. முதலில் சாலையோரத் துண்டு விலைக்கு வருகிறது, பிறகு அதன் பின்னால் உள்ளது.

வாங்குபவர்கள் மாறியிருக்கிறார்கள். முன்பு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களும் குன்னூர், வெலிங்டன் பக்கம் நிரந்தரமாகக் குடியேற வாங்கினார்கள். இன்று வருகிறவர்களில் நிறையப் பேர் வருடத்தில் சில வாரம் தங்க, மீதி நாளில் ஹோம்ஸ்டேவாக விட என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். அந்தக் கணக்கை நீங்களும் சேர்ந்து போட்டுக்கொடுக்காதீர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தில் விடுதி நடத்தினால் சீல் வைக்கப்படும் ஆபத்தும் உண்டு. மின் கட்டணம் வணிக விகிதத்துக்கு மாறும், சொத்து வரியும் மாறும். இதையெல்லாம் சொல்லாமல் 'மாதம் இவ்வளவு வாடகை வரும்' என்று விற்பது ஏமாற்று.

காலி மனையைவிடக் கட்டிய வீட்டுக்கு இப்போது தேவை அதிகம். புதிதாகக் கட்ட அனுமதி வாங்குவது நீண்ட வேலை என்பது வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் பழைய வீட்டுக்கும் அனுமதி வரைபடம் இருக்கிறதா, வரைபடத்தில் இல்லாத அறையோ மாடியோ பிறகு ஏற்றப்பட்டிருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பார்க்க வேண்டும். இங்கே இது மிகவும் சாதாரணமாக நடக்கும் கோளாறு.

இன்னொரு மாற்றம் வீடியோ. ஒருவர் ட்ரோன் விட்டுப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார். மறுநாள் அதே நிலத்துக்கு எட்டுப் பேர் எட்டு விலை சொல்கிறார்கள். நிலத்துக்காரர் சென்ட்டுக்கு ஒரு விலை சொல்லியிருப்பார், கடைசிக் கையில் அது ஒன்றரை மடங்காகியிருக்கும். இப்படி மேல்விலை வைத்து விற்பவர்களால் ஊருக்குள் எல்லாத் தரகர் பெயரும் கெடுகிறது. அதற்கு மருந்து ஒரு பக்கக் காகிதம். நிலத்துக்காரர் எதிர்பார்க்கும் விலை, உங்கள் கமிஷன், எத்தனை நாளுக்கு (90 நாள் போதும்), யார் யாருக்குப் பங்கு என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வழக்கத்தில் வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் தலா 1 முதல் 2 சதவீதம் கேட்கப்படுகிறது. ஊருக்குள் தகவல் சொன்னவர், டவுனில் பார்ட்டியைக் கூட்டிவந்தவர், பத்திர வேலை பார்த்தவர் என்று அது பிரியும். இந்தப் பிரிப்பை முன்கூட்டியே பேசாததால் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் சண்டை நடக்கிறது.

ரேரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பற்றிச் சுருக்கமாக. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது ஏறத்தாழ 12.36 சென்ட்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ, 8 வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குக் கட்டடமோ 2016 சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில் மனை விற்றுத்தரும் தரகரும் தம் பெயரில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், உச்சமாக விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை. தனி நபர் தம் பழைய வீட்டை விற்பது இதில் வராது. இருந்தாலும் பதிவு எண் கையில் இருப்பது நல்லது, வெளியூர்க்காரர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

எல்லா நிலமும் விற்கிற நிலமல்ல

பட்டா, சிட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் அரசின் இணையதளத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்தில் பார்க்கலாம், பல அலுவலகங்களுக்கு 1975 முதல் உள்ளது கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வேண்டும். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 4.86 ஏர் என்றால் 486 சதுர மீட்டர், அதாவது 12 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும், ஏனென்றால் வாய்ப்பேச்சில் 15 சென்ட் என்று சொல்லப்படுவது பட்டாவில் 12 ஆக இருப்பது வழக்கம்.

இதுவரை எல்லா மாவட்டத்துக்கும் பொது. நீலகிரிக்கே உரிய சிக்கல்கள் வேறு.

கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் முதல் கேள்வி ஜென்மம் நிலமா என்பதுதான். கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969-இல் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் குத்தகை நிலங்களைப் பற்றிய 17-வது பிரிவு இன்னும் தீராத பிரச்சினை. 'செக்சன் 17' என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். அந்த நிலத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் இருக்கிறார்கள். அவர்கள் குடியிருப்பது உண்மை, அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆனாலும் அனுபவத்தை மட்டும் காட்டி வெள்ளைத்தாளில் எழுதி விற்கும் கைமாற்றத்துக்குத் தரகராக நிற்காதீர்கள். பணம் கொடுத்தவருக்கு உரிமை வராது, விற்றவர் குடும்பம் பிற்காலத்தில் பட்டா கேட்கும்போது அவர்கள் நிலையும் பலவீனமாகும்.

தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்தை 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. பட்டா தனிப்பெயரில் சுத்தமாக இருக்கும், வில்லங்கம் எதுவும் காட்டாது, ஆனால் சர்வே எண் அறிவிக்கையில் இருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்திலும் வனக்கோட்ட அலுவலகத்திலும் சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குவதுதான் வழி.

சீகூர் பீடபூமியில், மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் பகுதிகளில் யானை வழித்தடம் பற்றி 2010-இல் அரசு அறிவிக்கை வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் விடுதிகள் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபர் 14 தீர்ப்பு அந்த அறிவிக்கையை உறுதி செய்தது. அந்தப் பக்கம் 'மலிவு விலை, காட்டு வியூ' என்று வரும் நிலத்தைச் சர்வே எண் பார்க்காமல் தொடவே கூடாது.

வெலிங்டன் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) எல்லைக்குள் வழக்கமான பட்டா முறை இல்லை, ராணுவ நிலப் பதிவேடு தனி. நிபந்தனைப் பட்டா கொடுக்கப்பட்ட நிலம், பழங்குடியினருக்கும் ஆதி திராவிடருக்கும் ஒப்படை செய்யப்பட்ட நிலம் இவற்றின் நிபந்தனையை மூல ஆணையில் படித்துப் பார்க்க வேண்டும். தோதர் பழங்குடியினரின் மந்துகளை (குடியிருப்புகளை) சுற்றியுள்ள நிலத்தையும் அப்படியே. இந்த வகை நிலத்தில் 'ஆபீசில் பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பெரிய எஸ்டேட்டிலிருந்து துண்டாக வரும் நிலத்துக்கும் ஒரு எச்சரிக்கை. நில உச்சவரம்புச் சட்டத்தில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. தோட்டமாக இருப்பதால் வந்த விலக்கு, மனையாக்கினால் கேள்விக்குள்ளாகும்.

கூட்டுப் பட்டா: உண்மையான வேலை இங்கேதான்

படுகர் சமூகத்தின் ஹட்டிகளை (ஊர்களை) சுற்றியுள்ள தேயிலை நிலங்களில் மிகப் பெரும்பகுதி கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. பட்டாவில் உள்ள பெயர்களில் பாதிப் பேர் இறந்து போயிருப்பார்கள். வாய்மொழியாகப் பாகம் பிரித்து, வேலி போட்டு, மூன்று தலைமுறையாக அவரவர் பகுதியில் இலை பறித்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்குள் யாருக்கும் சந்தேகம் இருக்காது. வெளியாளுக்கு விற்க வரும்போதுதான் அந்தப் பிரிவினைக்குக் காகிதம் இல்லை என்பது பெரிதாகும்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பட்டாவிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் கீழே கிளை எழுதுங்கள். இறந்தவருக்கு மனைவி, மகன், மகள், இறந்த மகனுக்கு அவர் மனைவி மக்கள் என்று ஒருவர்கூட விடுபடாமல் எழுத வேண்டும். மகள்களை விடவே கூடாது. 'கல்யாணம் செய்து அனுப்பியாயிற்று, அவர்கள் கேட்கமாட்டார்கள்' என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்குப் பிறகும், நாடு முழுவதும் 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகும் இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமானால் வேறு சட்டம், அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு. கோத்தகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்து இல்லாமல் முடித்த கிரயம் பத்து வருடம் கழித்து வழக்காக வரும்போது வாங்கியவரும் விற்றவரும் உங்களைத்தான் தேடுவார்கள்.

கிளை முடிந்தபின் இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று. பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம். பங்கு வேண்டாம் என்பவர்களிடம் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. செலவுக்குப் பயந்து இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதை விற்பவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதன்பின் உட்பிரிவுக்கு மனு. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டு, உதாரணமாக 214/3 என்ற எண் 214/3ஏ, 214/3பி என்று பிரிந்து தனிப் பட்டா வரும். அளக்கும் நாளில் சுற்றியுள்ள நான்கு பக்கத்து நிலத்துக்காரர்களையும் நேரில் நிற்கச் சொல்ல வேண்டும். நோட்டீஸ் போயிருந்தாலும் நீங்களும் முந்தின நாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அது முடியும்வரை விளம்பரம் வேண்டாம்.

அவசரப்படுபவர்கள் செய்யும் குறுக்குவழி, பிரிபடாத பங்கை அப்படியே கிரயம் செய்வது. சட்டப்படி ஒருவர் தம் பங்கை விற்கலாம். ஆனால் வாங்குபவருக்குக் கிடைப்பது மொத்த நிலத்தில் ஒரு பங்கு, அவருக்குக் காட்டிய அந்தச் சாலையோர இடமல்ல. அந்த இடம்தான் வேண்டும் என்றால் அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். இன்னொரு குறுக்குவழி பவர் பத்திரத்தை வைத்து 'விற்றாயிற்று' என்பது. பவர், அக்ரிமெண்ட், உயில் மூன்றும் சேர்ந்தாலும் உரிமை மாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. விற்பனை அக்ரிமெண்ட்டும் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியது. பத்து ரூபாய்த் தாளில் எழுதி அட்வான்ஸ் வாங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இந்த வேலையில் ஊர்ப் பெரியவர்கள் தரும் உதவிக்கு ஈடு இல்லை. எந்தக் கிளையில் யார், யார் எந்த ஊருக்குக் கட்டிப் போனார்கள், எந்தத் துண்டு எந்த வருடம் வாய்மொழியாக யாருக்கு விடப்பட்டது என்பது ஊர்க் கவுடருக்கும் (ஊர்த் தலைவர்) மூத்த பாட்டிகளுக்கும் தெரியும். எந்தப் பதிவேட்டிலும் அது கிடைக்காது. அவர்களிடம் போகும்போது விலை பேசுகிற தோரணையில் போகாதீர்கள். வாங்குபவர் யார், என்ன செய்யப் போகிறார், குடியிருப்பாரா என்று அவர்கள் கேட்பார்கள். கேட்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் போகிற பாதை, திருவிழாவுக்குக் கூடும் புல்வெளி, ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு வரும் ஊற்று இவையெல்லாம் பல இடங்களில் தனிப் பட்டா நிலத்துக்குள்தான் இருக்கின்றன, புலப்படத்தில் ஒரு கோடுகூட இல்லாமல். வாங்கியவர் கேட் போட்டு அடைத்தால் மொத்த ஊரும் எதிரே நிற்கும். அந்தப் பாதையைக் கிரயப் பத்திரத்திலேயே இத்தனை அடி அகலம், இந்த எல்லையிலிருந்து இந்த எல்லை வரை, ஊரார் நடக்கப் பாத்தியம் என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. எழுதினால் விலை குறையும் என்று விற்பவர் தயங்குவார். கொஞ்சம் குறையத்தான் செய்யும், குறையட்டும்.

சரிவு, தண்ணீர், மண்

1978, 1979 மழைகளும் 2009 நவம்பர் மழையும் நீலகிரியில் மண்சரிவு என்றால் என்ன என்று காட்டின. 2009-இல் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. 2024 பிப்ரவரியில், மழை இல்லாத மாதத்தில், லவ்டேல் அருகே கட்டுமான வேலையில் இருந்த பெண் தொழிலாளர்கள் 6 பேர் இடிபாட்டில் சிக்கி இறந்தார்கள். மண்ணை வெட்டும் வேலையை லேசாக எடுக்கக்கூடாது என்பதற்கு மேலும் சொல்ல என்ன இருக்கிறது? மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை ஆபத்தான இடங்களாகப் பட்டியலிட்டிருக்கிறது. நீங்கள் காட்டப்போகும் நிலம் அதற்குள்ளோ அருகிலோ வருகிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

பிறகு நிலத்தில் நேரில் நிற்க வேண்டும், சரியான பருவத்தில். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், குந்தா, எமரால்டு பக்கம் கொட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம். வெளியூர்க்காரர்கள் ஏப்ரல், மே மாதம் வந்து பார்ப்பார்கள். அப்போது எல்லா நிலமும் நல்ல நிலம்தான். நீங்கள் மழையில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து வைத்திருந்தால் அதைக் கோடையில் காட்டலாம்.

பார்க்க வேண்டியவை கண்ணுக்குத் தெரிபவைதான். மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் மேல்மண் மெல்ல நகர்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. மழை நின்று நாலு நாள் ஆகியும் மேட்டுச் சரிவில் கசிவு இருந்தால் உள்ளே ஊற்று ஓடுகிறது. கோரைப்புல் செழித்த தட்டையான நிலம் பார்க்க மனைக்கு வசதியாகத் தெரியும், அது சதுப்பு. அதில் மண் கொட்டி நிரப்பினால் அஸ்திவாரமும் நிற்காது, கீழே உள்ள ஊரின் கிணறும் வற்றும். சரிவை அளக்க ஒரு கயிறும் மட்டக்குழாயும் போதும். கிடைமட்டமாக 100 அடி போவதற்குள் நிலம் 58 அடி இறங்கினால் அது 30 டிகிரி. அந்த அளவை நெருங்கும் நிலத்தை வீட்டுக்கென்று காட்டாமல் தேயிலையாகவே விடச் சொல்வது எங்கள் கருத்து.

வீடு கட்டியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் வெட்டி நிரப்புவது. மேல் பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப் பாதியில் கொட்டித் தட்டையாக்குவார்கள். வெட்டிய பகுதி கெட்டி, கொட்டிய பகுதி பொலபொலப்பு. வீட்டின் முன்பாதி அதன்மேல் வரும், ஏனென்றால் வியூ அங்கேதான். இரண்டாவது மழைக்குள் முன்அறை பிரிந்து விரிசல் விடும். படிகள் போலத் தளம் பிரித்து, ஒவ்வொரு தளமும் வெட்டிய கெட்டி மண்ணில் உட்காரும்படி கட்டுவதே மலைக்கு ஏற்றது. தடுப்புச்சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் பின்னால் தண்ணீர் தேங்கினால் சாயும். சுவருக்குப் பின்னால் ஓரடிக்குக் குறையாமல் ஜல்லி நிரப்ப வேண்டும். 3 அங்குலக் குழாய்களை நீளவாக்கிலும் உயரவாக்கிலும் 5, 6 அடிக்கு ஒன்றாகச் சற்றே வெளிப்பக்கம் சாய்த்துப் பதிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கீழ் நிலத்துக்காரர் தோட்டத்தில் பாயாமல் ஓடை வரை கால்வாய் வேண்டும். பழைய வீடு காட்டும்போது மழையில் இந்தக் குழாய்களில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். காய்ந்து கிடந்தால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

குடிநீரையும் ஏட்டளவில் கேட்காதீர்கள். ஊராட்சிக் குழாய் இருக்கும், மார்ச்சில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால்தான் தெரியும். ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாம் என்ற சமவெளி நம்பிக்கை இங்கே செல்லாது, அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மழைநீர்த் தொட்டி நல்ல வழி. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். கழிவுநீர்த் தொட்டி எந்த ஊற்றுக்கு மேலே வரும் என்பதைக் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீர் அது.

வெயில் விழும் பக்கத்தையும் பாருங்கள். வடக்கு பார்த்த, மரம் சூழ்ந்த சரிவில் வீடு வருடத்தில் பாதி நாள் ஈரமாக இருக்கும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். பள்ளத்தாக்கின் அடியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும். முதியவர்கள் குடியேற வாங்குவதானால் இதுவே முக்கியமான செய்தி.

அனுமதிகள்

மலைப்பகுதிக் கிராமங்களில் கட்டவும் மனை பிரிக்கவும் வழக்கமான உள்ளாட்சி, நகர் ஊரமைப்பு அனுமதியோடு 1990-இல் உருவான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளும் சேரும். 'ஹாக்கா' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்து கேட்கப்படும். கட்டடத்தின் உயரத்துக்கும் மலையில் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஜேசிபி, பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இரவோடு இரவாக வெட்டி முடித்துவிடலாம் என்று நினைப்பவருக்கு வண்டி பறிமுதலும் அபராதமும் கிடைக்கும். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் கற்பூர மரமானாலும் சில்வர் ஓக் ஆனாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டுத்தான் வெட்ட வேண்டும். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதியில்லா மனைப்பிரிவில் புதிதாக உருவான மனையைப் பதிவு செய்ய முடியாது. தோட்டத்தை நாலு துண்டாக்கி நாலு பேருக்கு விற்கலாம் என்று வருபவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஊரோடு வேலை செய்வது

ஊர்ப் பங்கேற்பு என்றதும் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கொடுங்கள், தவறில்லை. ஆனால் தொழிலோடு சேர்ந்த பங்கேற்பு வேறு.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. எந்தச் சாலை விரிகிறது, எந்த ஊற்று வற்றிவிட்டது, எந்தச் சரிவில் விரிசல், எந்த விடுதிக் குப்பையால் கரடி ஊருக்குள் வருகிறது என்பதெல்லாம் அங்கே பேசப்படும். தரகர் உட்கார்ந்து கேட்க வேண்டிய இடம் அது. கேட்டதை மறைக்காமல் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். ஜமாபந்தி (வருவாய்த்துறை ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து மனு வாங்கும் முகாம்) நேரத்தில் கூட்டுப் பட்டாக் குடும்பங்களுக்கு மனு எழுதிக்கொடுப்பது, வாரிசுச் சான்றுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பக்கம் அச்சடித்து ஊரில் கொடுப்பது இவற்றில் உடனடி வருமானம் இல்லை. ஆனால் எந்த நிலம் சுத்தமான ஆவணத்தோடு இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். மழைக்கு முன் ஓடைகளைத் தூர்வாரும் வேலைக்கு ஊர் இளைஞர்கள் கூடும்போது வெளியூர் வீட்டுக்காரர்களிடமிருந்து அவர்கள் பங்கை வசூலித்துத் தருவதும் நீங்கள் செய்யக்கூடியது. பூட்டிக்கிடக்கும் வீட்டின் பின்புறக் கால்வாய்தான் பெரும்பாலும் முதலில் அடைக்கிறது.

வாங்குபவரை முன்பணத்துக்கு முன்பே ஒரு நாள் ஊருக்குள் அழைத்துப் போய் அறிமுகம் செய்யுங்கள். காட்டெருமை நடக்கும் தடத்தில் முள்வேலி போடக்கூடாது, குப்பையை வெளியே வைத்தால் கரடி வரும், இரவில் ஒலிபெருக்கி வைத்தால் ஊர் பொறுக்காது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். அதில் பின்வாங்குபவர் பின்வாங்கட்டும்.

வாடகை வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டி, குன்னூர் டவுனில் வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாத் தங்கலுக்கு மாறும்போது ஆசிரியர், செவிலியர், ஓட்டுநர், கடை ஊழியர் குடும்பங்களுக்கு மாத வாடகைக்கு வீடு கிடைப்பது கடினமாகிறது. வெளியூர் உரிமையாளரிடம் 11 மாத ஒப்பந்தத்தில் உள்ளூர்க் குடும்பத்துக்கு விடச் சொல்லிப் பாருங்கள். வீடு காற்றோட்டமாக இருக்கும், பூஞ்சை பிடிக்காது, கால்வாய் அடைத்தால் சொல்ல ஆள் இருக்கும். வாடகை குறைவுதான், ஆனால் பராமரிப்புச் செலவோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் பல உரிமையாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

கிரய நாளும் அதற்குப் பிறகும்

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் காட்டும் விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்கு 1,40,000 ரூபாயும் 40,000 ரூபாயும் ஆகும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டிவிட்டு மீதியைத் தர வேண்டும். விலையைக் குறைத்துக் காட்டச் சொல்பவர்களுக்கு உடன்படாதீர்கள். நாளை வாங்கியவர் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி அவர் தலையில் விழும்.

பதிவு முடிந்ததும் வாங்கியவர் கையில் ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டியவை: மூலப்பத்திரங்களின் நகல், வில்லங்கச் சான்று, வாரிசுக் கிளைத்தாள், புலப்படத்தில் கல் இருக்கும் இடங்களைக் குறித்த நகல், பாதையும் கால்வாயும் போகும் வழியைக் கையால் வரைந்த ஒரு படம், மழைக்காலத்தில் எடுத்த புகைப்படங்கள், ஊராட்சித் தண்ணீர் திறப்பவரின் எண், பக்கத்து நான்கு நிலத்துக்காரர்களின் பெயர். கோப்பின் இன்னொரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பட்டா மாற்றம் உட்பிரிவு தேவையில்லாத நிலத்துக்குத் தானாகவே நடக்க வேண்டும். ஆனாலும் ஒரு மாதம் கழித்து இணையத்தில் பெயர் மாறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், மாறவில்லை என்றால் மனு எண்ணோடு வட்டாட்சியர் அலுவலகம் போங்கள். சொத்து வரிப் பெயர் மாற்றமும் மின் இணைப்புப் பெயர் மாற்றமும் தனித்தனி மனு. வெளியூர்க்காரர்கள் இரண்டையும் மறந்துவிடுகிறார்கள், பழைய உரிமையாளர் பெயரில் பில் வந்துகொண்டே இருக்கும். முதல் பருவமழை முடிந்ததும் வாங்கியவரை அழைத்து, தடுப்புச்சுவரையும் எல்லைக் கற்களையும் கூடவே நடந்து பார்த்து, நகர்ந்த கல் இருந்தால் அன்றைக்கே பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில் குறித்து வையுங்கள்.